ஆறு பைக்கு நான்கு நாள்

வீட்டுத் தோட்டம் போடாதீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. தாராளமாகப் போடுங்கள். மண்ணைத் தொட்ட கை ஆரோக்கியமாக இருக்கும். நான் சண்டைக்கு நிற்பது வேறு விஷயத்துக்காக. அந்தத் தோட்டம் எவ்வளவு காய்க்கும் என்று மேடையிலும், துண்டுப் பிரசுரத்திலும், கைப்பேசிப் படங்களிலும் சொல்கிறார்களே, அந்தக் கணக்குக்காக. "இனி நீங்கள் காய்கறிக் கடைப் பக்கமே போக வேண்டாம்" என்ற அந்த ஒரு வாக்கியத்தை நம்பி, ஓய்வூதியத்தில் வாழும் எத்தனை பேர் மொட்டை மாடியில் பணத்தைக் கொட்டியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் தெருவிலும் இரண்டு பேர் இருப்பார்கள்.

சில மாதங்களுக்கு முன் எங்களைப் போன்ற ஓய்வுபெற்றவர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் ஒருவர் மாடித்தோட்டம் பற்றிப் பேசினார். நல்ல பேச்சாளர். கரும்பலகையில் கணக்கே போட்டுக் காட்டினார். ஒரு பையில் ஒரு தக்காளிச் செடி. ஒரு செடிக்கு 5 கிலோ. 20 பைக்கு 100 கிலோ. கிலோ 60 ரூபாய் என்றால் 6,000 ரூபாய். "உங்கள் ஓய்வூதியத்தோடு இன்னொரு ஓய்வூதியம்!" என்று முடித்தார். கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று.

நான் எழுந்து கேட்டேன்: "ஐயா, அந்த 5 கிலோவை நீங்கள் நிறுத்துப் பார்த்தீர்களா?"

"சார், சராசரியாகச் சொல்கிறேன்" என்றார்.

"எத்தனை செடியின் சராசரி?"

அதற்குப் பதில் வரவில்லை. பக்கத்தில் இருந்த நண்பர் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டார். "விடுங்க சார், நல்லது சொல்ல வந்தவரை ஏன் மடக்குறீங்க" என்றார். நல்லது சொல்ல வந்தவர் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் நல்லதைச் சொல்ல வந்தால் கணக்கைத் தப்பாகப் போடலாம் என்று எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தரவில்லையே!

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே கணக்கு வாத்தியார் ஒரு விஷயத்தில் மட்டும் இரக்கமே காட்ட மாட்டார். விடை எழுதினால் பக்கத்தில் அலகு எழுத வேண்டும். கிலோவா, லிட்டரா, ஒரு நாளைக்கா, ஒரு வருஷத்துக்கா? அலகு இல்லாத விடை தப்பு விடை. காய்கறித் தோட்டத்தைப் பிரெஞ்சில் "பொத்தாழே" என்பார்கள். எங்கள் கணக்குகளில் பாதி அந்தப் பொத்தாழேயில்தான் நடக்கும். இத்தனை மீட்டர் நீளம், இத்தனை அகலம், பாத்திக்கு இவ்வளவு காரட், எலி தின்றது போக மீதி எவ்வளவு? எலி தின்றதைக் கழிக்காமல் விட்டால் வாத்தியார் சிவப்பு மையால் ஓர் எலி வரைந்து கொடுப்பார். மேலே சொன்ன பேச்சாளரின் கணக்கில் எலியும் இல்லை, அலகும் இல்லை. அந்த 6,000 ரூபாய் மாதத்துக்கா, பயிர் காலத்துக்கா, வருஷத்துக்கா? "இன்னொரு ஓய்வூதியம்" என்றதும் கேட்டவர்கள் எல்லோரும் மாதம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு அரசு வேலைக்கு வந்தேன். வட ஆற்காடு மாவட்டமாக இருந்தபோதும், 1989 செப்டம்பர் 30ஆம் தேதி திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆன பிறகும், விளைச்சல் படிவங்கள் என் மேசையைத் தாண்டித்தான் போயின. அந்தக் காலத்துக் கதை ஒன்றைச் சொன்னால்தான் என் கோபம் உங்களுக்குப் புரியும்.

வெள்ளைக்காரன் காலத்தில் விளைச்சலை அணாவில் சொல்வார்கள். கர்ணம் வரப்பில் நின்று கண்ணால் பார்த்து, இந்த வருஷம் பத்தணா, பன்னிரண்டணா என்று எழுதுவார். அணாவாரி என்று அதற்குப் பெயர். தீர்வை வஜா வேண்டும் என்றால் பயிர் தானாகவே குறையும். அதிகாரியிடம் நல்ல பெயர் வேண்டும் என்றால் தானாகவே கூடும். மனசு எந்தப் பக்கமோ கண்ணும் அந்தப் பக்கம். இது சரிப்படாது என்றுதான் 1940களில் பி. வி. சுகாத்மே போன்ற புள்ளியியல் அறிஞர்கள் பயிர் அறுவடைப் பரிசோதனை என்ற முறையை நாடு முழுவதும் கொண்டுவரப் பாடுபட்டார்கள்.

அந்த முறையில் வயலைத் தேர்ந்தெடுப்பது நாம் அல்ல, சீட்டு எண். வயலுக்குள் எந்த இடம் என்பதையும் எண்ணே சொல்லும். மூலையிலிருந்து இத்தனை அடி நீளவாக்கில், இத்தனை அடி அகலவாக்கில் நடந்து போய் முளை அடிக்க வேண்டும். கயிறு கட்டி 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் போட்டு, அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, நிறுக்க வேண்டும். அதில் கொஞ்சத்தை எடுத்துக் காயவைத்து மறுபடி நிறுக்க வேண்டும், ஈரம் எவ்வளவு என்று பார்க்க. பக்கத்துப் பாத்தியில் கதிர் நன்றாக இருக்கிறதே என்று இரண்டடி தள்ளி முளை அடிக்கக் கூடாது. அந்த இரண்டடிதான் உண்மைக்கும் பொய்க்கும் உள்ள தூரம்.

மாடித்தோட்டக் கணக்கு இன்றும் அணாவாரியாகவே இருக்கிறது. நூறு செடியில் நன்றாகக் காய்த்த ஒரு செடியைப் படம் பிடிக்கிறார்கள். அந்தச் செடியை நூறால் பெருக்குகிறார்கள். செத்துப்போன செடியை யாரும் படம் பிடிப்பதில்லை.

சரி, உண்மைக் கணக்கு என்ன? அது ரகசியம் ஒன்றும் இல்லை. கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பயிருக்குப் பயிர் இடைவெளியும் விளைச்சலும் அச்சிட்டு வைத்திருக்கிறது. அதை வைத்து நாமே வகுத்துப் பார்க்கலாம்.

வெண்டை. ஹெக்டேருக்கு 12 முதல் 15 டன். வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர். அப்படி நட்டால் ஹெக்டேரில் சுமார் 74,000 செடி. வகுத்தால் செடிக்கு 160 முதல் 200 கிராம். ஒரு வெண்டைச் செடி தன் ஆயுள் முழுக்கக் கொடுப்பது அவ்வளவுதான். ஒரு வேளைப் பொரியலுக்கு இரண்டு பேருக்கு வரும்.

கத்திரி. நாட்டு ரகம் ஹெக்டேருக்கு 25 முதல் 30 டன், இரண்டடிக்கு இரண்டடி இடைவெளி. செடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. தக்காளி ரகங்கள் 30 முதல் 40 டன். செடிக்கு 800 கிராம் முதல் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். கொத்தவரை செடிக்கு 50 கிராம் தேறினால் பெரிது.

வீரிய ஒட்டு ரகத்தில், சொட்டுநீரில், உரத்தை நீரில் கரைத்து விட்டு ஒரு தக்காளிச் செடியில் 4 கிலோ எடுக்கும் விவசாயியும் உண்டு. மறுக்கவில்லை. ஆனால் அவர் செடிக்கு வேர் போக நிலம் இருக்கிறது. அவருக்கு அதுவே முழுநேர வேலை. நம் செடிக்கு ஒரு பை. அந்தப் பையும் சித்திரை வெயிலில் காங்கிரீட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் பை. அக்னி நட்சத்திரத்தில் எங்கள் ஊர் மாடித் தரையில் வெறுங்காலோடு நிற்க முடியாது, செடியின் வேர் மட்டும் எப்படி நிற்கும்?

இப்போது அரசு கொடுத்த பைகளுக்கு வருகிறேன். 2013இல் சென்னைக்கும் கோவைக்கும் மாடித்தோட்டத் தொகுப்பு வந்தது. பிறகு மற்ற ஊர்களுக்கும் வந்தது. 2021இல் முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டம் என்று புதுப்பித்து, 900 ரூபாய் மதிப்புள்ள தொகுப்பை 225 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். ஆறு பை, தென்னை நார்க் கழிவு, ஆறு வகை விதை, உயிர் உரம், வேப்பெண்ணெய், ஒரு கையேடு. கிராமத்துக்கு 12 வகை விதைப் பொட்டலம் 15 ரூபாய். நல்ல திட்டம்தான். நானே வரிசையில் நிற்கச் சொல்லி நாலு பேரை அனுப்பியிருக்கிறேன்.

ஆனால் அந்த ஆறு பையைக் கணக்குப் போடுங்கள். தக்காளி ஒரு கிலோ. கத்திரி ஒரு கிலோ. வெண்டை இரண்டு செடி, 400 கிராம். மிளகாய் 300 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கொத்தவரை நாலு செடி, 200 கிராம். கீரைப் பை ஒன்று, 300 கிராம். மொத்தம் 3 கிலோ 200 கிராம். வீட்டுக்காரர் பாசமாக வளர்க்கிறார், செடி எதுவும் சாகவில்லை என்று தாராளமாக ஏற்றி 5 கிலோ என்றே போடுவோம்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 300 கிராம் காய்கறி வேண்டும் என்று சொல்லிவந்தது. நாலு பேர் குடும்பத்துக்கு நாளைக்கு 1 கிலோ 200 கிராம். 5 கிலோவை வகுத்தால் நான்கு நாள். ஆறு பைக்கு நான்கு நாள் காய். அதே பையில் வருஷத்துக்கு மூன்று முறை பயிர் வைத்தால் 12 நாள். மீதி 353 நாளும் கடைதான்.

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. "உற்சாகத்தைக் கெடுக்கிறீர்கள்" என்கிறார்கள். உற்சாகத்தைக் கெடுப்பது நானா, நான்காம் மாதம் காலிப் பையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஏமாற்றமா? எங்கள் பகுதியிலேயே பாருங்கள். தென்னை நார் காய்ந்து கட்டியாகி, பை வெயிலில் நைந்து, மாடி மூலையில் கிடக்கும் வீடுகள் எத்தனை? அவர்களுக்கு முதல் நாளே "இது நாலு நாள் காய், ஆனால் உங்கள் கையால் வந்த காய்" என்று சொல்லியிருந்தால் அந்த நாலு நாள் காயை அவர்கள் கொண்டாடியிருப்பார்கள். மாதம் 6,000 ரூபாய் என்று சொன்னதால், 5 கிலோ வந்ததும் தங்கள் கை ராசியில்லாத கை என்று நினைத்துக்கொண்டார்கள். எங்களுக்கு வேண்டிய ஒருவர் கிராஜுவிட்டிப் பணத்தில் ஒரு பகுதியை இரும்புச் சட்டம், பச்சை வலை, பை, மண் என்று போட்டார். பேரன் முதல் வெண்டைக்காயைப் பறித்தபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் உண்மை. அடுத்த வருஷம் அந்தப் பச்சை வலைக்குக் கீழே துணி காயப் போட்டிருந்ததும் உண்மை.

அப்படியானால் ஒரு குடும்பத்துக்கு வருஷம் முழுக்கக் காய் கொடுக்க எவ்வளவு இடம் வேண்டும்? இதற்கும் வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒரு நேர்மையான கணக்கு வைத்திருக்கிறது. ஐந்து பேர் குடும்பத்துக்கு 5 சென்ட், அதாவது சுமார் 200 சதுர மீட்டர். சரிபார்ப்போம். ஐந்து பேருக்கு நாளைக்கு ஒன்றரை கிலோ, வருஷத்துக்கு 547 கிலோ. 200 மீட்டரில் நடைபாதை, எருக்குழி, வரப்பு போக 150 மீட்டர் பயிர். மீட்டருக்கு வருஷத்துக்கு மூன்றரை கிலோவுக்குச் சற்று மேல் எடுத்தால் போதும். இரண்டு மூன்று போகம் வைத்தால் முடியும். கணக்கு ஒட்டுகிறது. பல்கலைக்கழகத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நடுவில் யாரோ 5 சென்டை ஆறு பையாக மடித்துவிட்டார்கள்!

5 சென்ட் என்றால் 2,178 சதுர அடி. திருவண்ணாமலையில் இன்று யாருக்கு அவ்வளவு காலி இடம் இருக்கிறது? வேங்கிக்காலில் மனை வாங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள், விலையைச் சொல்லும்போதே அவர்களுக்கு மூச்சு வாங்கும். 600 சதுர அடி மொட்டை மாடி இருந்தால் பெரிது. தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, நடக்க வழி போகப் பாதி மிஞ்சும். அது 28 சதுர மீட்டர். மேலே சொன்ன அதே நேர்மையான கணக்கில் வருஷத்துக்கு 100 கிலோ. ஐந்து பேருக்கு இரண்டு மாதக் காய். இரண்டு முதியவர்கள் மட்டும் இருக்கும் வீடென்றால் ஐந்தரை மாதத்துக்கு வரும். இது குறைவான விஷயமா? இல்லவே இல்லை. ஆனால் அதற்குப் பாதி மாடியை நிரப்ப வேண்டும். நாலு பை போதாது.

தண்ணீரையும் சேர்க்க வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியானால் ஒரு லிட்டர். நம் பக்கத்து வெயிலில் நாளைக்குச் சராசரி 5 மில்லிமீட்டர் என்று வைத்தாலும் 28 மீட்டருக்கு 140 லிட்டர். ஒன்பது பத்துக் குடம். கோடையில் இன்னும் கூடும். பாறைக்கு மேலே இருக்கிற ஊர் இது. சாத்தனூர் அணைத் தண்ணீர் குழாயில் எப்போது வரும் என்று காத்திருக்கிற ஊர். அந்தப் பத்துக் குடத்தை மாடிக்கு யார் தூக்குகிறார்கள்? பெரும்பாலும் வீட்டு அம்மாதான். ஐயா படம் எடுத்து அனுப்புவார், அம்மா முழங்காலுக்குத் தைலம் தடவுவார். விளைச்சல் கணக்கில் அந்தக் குடத்துக்கு ஒரு வரி உண்டா?

பிறகு நம் ஊருக்கே உரிய பங்காளி. மலையிலிருந்து இறங்கி வருகிறவர். கிரிவலப் பாதைப் பக்கம் வீடுள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பத்துக் குரங்கு பத்து நிமிடத்தில் ஒரு பயிர் காலத்தை முடித்துவிடும். கத்திரியைக் கடித்துப் பார்த்துப் பிடிக்கவில்லை என்று அடுத்ததையும் கடிக்கும். நான் பழைய எலிக் கணக்கைப் போடும்போது எலி இருந்த இடத்தில் குரங்கை எழுதுகிறேன். பத்துக்கு மூன்று கழித்துவிட வேண்டும் என்பது இந்த ஊர் அனுபவம். மழையும் அப்படியே. 2024இல் பெஞ்சல் புயல் மழையில் நம் மலைச் சரிவிலேயே மண் சரிந்து ஏழு உயிர் போயிற்று. அந்த வாரத்தில் செடி போனதைப் பற்றி யாருக்கும் வாய் திறக்க மனசு வரவில்லை. ஆனால் செடிகளும் போயின.

விலைக்கு வருகிறேன். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அரசு பண்ணை பசுமைக் கடைகளிலும், சென்னையில் ரேஷன் கடைகளிலும் 60 ரூபாய்க்கு விற்றது. அப்போதுதான் "ஆளுக்கு நாலு செடி வைத்தால் இந்தப் பிரச்சினையே வராது" என்று எல்லோரும் உபதேசம் செய்தார்கள். விதை போட்டுத் தக்காளி பழுக்க மூன்று மாதம். ஜூலையில் போட்டால் அக்டோபரில் பழம். செப்டம்பரிலேயே விலை அடிமட்டத்துக்கு வந்து விவசாயி தலையில் கை வைத்துவிட்டார். ஊருக்கெல்லாம் காய்க்கும்போதுதான் நம் செடியும் காய்க்கும். ஊருக்கு இல்லாதபோது நம் செடியிலும் இருக்காது, அதே வெயில், அதே மழை. ஆகவே உச்ச விலையை வைத்துப் பெருக்குவது பெரும் பொய். பேச்சாளரின் 20 பையை நான் மறுபடி போட்டுப் பார்த்தேன். செடிக்கு ஒரு கிலோ, பத்துக்கு மூன்று கழிவு, அறுவடைக் கால விலை 25 ரூபாய். 350 ரூபாய். அதுவும் நாலு மாதத்துக்கு.

இந்த ஆகாசக் கணக்கு புதிதும் அல்ல. பஞ்சதந்திரத்தில் மாவுப் பானையைத் தலைமாட்டில் தொங்கவிட்டுக்கொண்டு, அதை விற்று ஆடு, ஆட்டை விற்று மாடு என்று பிள்ளை பிறக்கும் வரை போய்க் காலால் உதைத்துப் பானையை உடைத்தவன் கதை நமக்குத் தெரியும். எங்கள் பிரெஞ்சு வகுப்பில் அதே கதை பெரெத் என்ற பால்காரப் பெண் வேஷத்தில் வந்தது. பாலை விற்று முட்டை, முட்டையிலிருந்து கோழி, கோழியை விற்றுப் பன்றி, பன்றியை விற்றுப் பசு. கன்று துள்ளுவதை நினைத்து அவளும் துள்ளினாள், பால் தரையில். லா ஃபோந்தேன் 1678இல் வெளியிட்டது. அந்தத் தொகுதியில் பெரும்பகுதி இந்திய ஞானி பில்பேக்குக் கடன்பட்டது என்று அவரே முன்னுரையில் ஒப்புக்கொண்டார். ஆக, கதை நம்முடையது. உலகத்துக்கே இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டு நாம் மட்டும் மறந்துவிட்டோம்.

பெரெத் ஏமாந்தால் அவள் பால் மட்டும் போகும். கணக்கைத் தப்பாகப் போடுவது அரசாக இருந்தால் போவது வேறு. இதுதான் எனக்கு உண்மையில் உறுத்துவது. 2019இல் மத்திய அரசு பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் போட வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. பிள்ளைகள் செடியைப் பார்த்து வளர வேண்டும், மிக நல்ல எண்ணம். ஆனால் மதிய உணவு விதிப்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நாளைக்கு 50 கிராம் காய்கறி. நூறு பிள்ளைக்கு 5 கிலோ. 200 நாளைக்கு ஒரு டன். மீட்டருக்கு மூன்றரை கிலோ என்ற நல்ல கணக்கில் பார்த்தாலும் ஏழு சென்ட் முழுக்கப் பயிராக இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துச் சுவர் ஓரத்தில் 20 சதுர மீட்டர் பாத்தி போட்டால் 70 கிலோ, 14 நாள். மே மாத விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்ற கேள்வி தனி.

இதை நிறுக்காமல், "பள்ளியில் தோட்டம் இருக்கிறது" என்று ஒரு கட்டத்தில் "ஆம்" என்று எழுதிவிட்டால், நாளைக்கு எங்கோ ஒரு மேசையில் காய்கறிக்கு ஒதுக்கும் காசைப் பார்த்து ஒருவர் யோசிப்பார். அந்த மேசைகளில் நாற்பது வருஷம் உட்கார்ந்தவன் சொல்கிறேன். கோப்பில் ஏறிய ஒரு "ஆம்" தானாக இறங்காது. "தோட்டம் இருக்கிறதே, பிறகு ஏன் இவ்வளவு?" என்ற ஒரு குறிப்பு போதும். அந்தக் குறிப்பின் முடிவில் இருப்பது ஒரு பிள்ளையின் தட்டு. ஏழை வீட்டுக்கும் அதேதான். ஐந்து சென்ட் இல்லாதவளுக்கு ஐந்து விதைப் பொட்டலம் கொடுத்துவிட்டு, இனி உன் பிள்ளைக்கு ஊட்டச்சத்து உன் பொறுப்பு என்று சொல்வது எவ்வகை நியாயம்? பையின் எண்ணிக்கை சாதனை அறிக்கையில் ஏறுகிறது. கிலோ எங்கேயும் ஏறவில்லை.

"காசுக்காகவா தோட்டம் போடுகிறோம்? மருந்தடிக்காத காய், மன நிம்மதி, உடற்பயிற்சி" என்று சிலர் சொல்வார்கள். முழுவதும் ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் அதையே சொல்லுங்கள். நிம்மதிக்கு நிம்மதி என்றே பெயர் இருக்கட்டும், அதைக் கிலோவில் நிறுத்து ரூபாயில் பெருக்காதீர்கள். இன்னொரு வாதமும் உண்டு. "கொஞ்சம் கூட்டிச் சொன்னால்தான் ஜனங்கள் ஆரம்பிப்பார்கள்." இது சீட்டுக் கம்பெனிக்காரன் வாதம். அவனும் ஆரம்பிக்க வைப்பான்.

சரியான கணக்குப் போட்டால் ஆசை குறையும் என்று பயப்படத் தேவையே இல்லை. நடும் செடி மாறும், அவ்வளவுதான். கோவையின் கோ 3 அரைக்கீரை ரகம் 90 நாளில் பத்து முறை கிள்ளி ஹெக்டேருக்கு ஏறத்தாழ 30 டன் கொடுக்கும். சதுர மீட்டருக்கு 3 கிலோ. பத்து மீட்டர் பாத்திக்கு 30 கிலோ, நாளைக்கு 330 கிராம். மூன்று பேருக்குத் தினமும் ஆளுக்கு நூறு கிராம் கீரை. தக்காளியில் எட்டாக் கனியாக இருந்தது கீரையில் கைக்கு எட்டுகிறது! பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 முருங்கை ஒரு மரம் வருஷத்துக்கு 200 காய் வரை கொடுக்கும், கீரை தனி. கறிவேப்பிலை ஒன்று, பச்சைமிளகாய் நாலு, வேலியில் அவரையோ கோவைக்காயோ ஒரு கொடி. சின்ன இடத்துக்கு இவ்வளவுதான் சரி. தக்காளியும் வெங்காயமும் உழவர் சந்தையில் வாங்குங்கள். விடிகாலையில் கூடையோடு பேருந்தில் வந்து உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாவும் பிழைக்க வேண்டும். அவர் நிலத்தில் அவர் செய்வதை நம் மாடியில் நாம் செய்துவிட முடியாது என்று தெரிந்தால், அவரிடம் இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசுவதும் குறையும்.

ஆகவே தோட்டம் பற்றிப் பேசுகிறவர்களிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள். எத்தனை செடியை நிறுத்தீர்கள், செத்ததையும் சேர்த்து? எத்தனை மாதத்தில் வந்த காய்? எத்தனை குடம் தண்ணீர்? மூன்றுக்கும் பதில் இருந்தால் அவர் காலடியில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம். பதில் இல்லை என்றால், எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அது அணாவாரி.

நீங்கள் தோட்டம் வைத்திருந்தால் அடுப்படித் தராசு ஒன்றும், பேரப்பிள்ளையின் பழைய நோட்டு ஒன்றும் போதும். பறித்த அன்றே தேதி, காய், கிராம். குரங்கு தின்ற அன்று குரங்கு என்று எழுதுங்கள். ஒரு வருஷம் முடிந்து கூட்டிப் பாருங்கள். வருவது சின்ன எண்ணாக இருக்கும். ஆனால் அது உங்கள் எண்ணாக இருக்கும், அடுத்த கூட்டத்தில் எவரும் உங்களை மடக்க முடியாது. அரசுக்கும் இதே வேண்டுகோள். தொகுப்பின் மேல் ஒரே ஒரு வரி அச்சிடுங்கள்: "இதில் ஒரு பருவத்துக்குச் சுமார் 5 கிலோ காய் வரும்." மருந்துப் புட்டியில் அளவு எழுதுகிறோம், பிஸ்கட் பொட்டலத்தில் எடை எழுதுகிறோம். விதைப் பையில் மட்டும் ஏன் கனவை எழுத வேண்டும்?